சாவுக்கு வந்தவர்கள் வெட்டிய வாய்க்கால்

தூறலுக்கும் அசையாமல் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், படுகர் ஊரான கீழ்அட்டியின் பெரியவர் போஜா கவுடர் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் ஒச்சப்பன் அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு பிள்ளையை இடுப்பில் ஏற்றி வந்திருக்கும் தாய்மார்களே! சிலோனை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் படுத்தெழுந்து, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த என் சனங்களே! பரமசிவனின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

இந்தத் தாளில் உள்ளதை நானே எழுதினேன். மெல்லத்தான் வாசிப்பேன். என்னம்மா, சத்தமாகவா? சத்தத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லை!

நாம் பறிக்கும் தேயிலைக்குக் கடலுக்கு அப்பால் யாரோ விலை சொல்கிறார்கள். நம் மலையில் பிறக்கும் மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளில் நூல் நூற்கிறது. இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் நம்மைப் பங்கு போட்டுப் பேசி முடித்தன. நாம் மூட்டை கட்டினோம். நம்மைக் கேட்டது யார்? ஓடையைக் கேட்டது யார்? ஓடை ஓரத்து அட்டியைக் கேட்டது யார்?

வளர்ச்சி வேண்டாம் என்கிறேனா? இல்லை ஐயா, இல்லை! இந்த ஒலிபெருக்கியே மின்சாரத்தில்தான் பேசுகிறது. மலைக்கு வரும் வளர்ச்சி, மலையில் வாழ்பவன் வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் விடட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்!

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அணை வேலைக்கு வந்த இன்ஜினியர் நம் குடியிருப்புக்கு வந்தார். "திங்கக்கிழமை ஓடையைச் சுரங்கத்துக்குள்ள திருப்பறோம். அதுக்கு முன்னால மேல் ஊத்துக்குத் தனியா வாய்க்கால் வெட்டிக்கிட்டா, அந்தத் தண்ணி உங்களுக்கு. இல்லேன்னா அதுவும் சுரங்கத்துக்குத்தான்" என்றார். வெட்டினோம். ஆணும் பெண்ணும் வெட்டினோம். சனிக்கிழமை பொழுது சாயும்போது குறுக்கே வந்தது பாருங்கள் ஒரு பாறை! யானை படுத்த மாதிரி ஒரு பாறை! சோர்ந்து போய் ஆளுக்கு ஒரு பக்கமாக வீடு திரும்பினோம்.

ஞாயிறு விடியலில் நம் பழனியாண்டி தப்பை எடுத்தார். சிலோன் தோட்டத்தில் விடியக்காலை ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டுத் தப்பு அது. அந்தச் சத்தம் கேட்டால் கிழவனும் எழுந்து நிற்பான். நம் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை எழுப்பத்தான் அடித்தார். ஆனால், இந்த மலையில் விடியலில் பறை கேட்டால் என்ன பொருள்? ஆமாம், சிரிக்கிறீர்கள்! சாவு என்று பொருள்!

கீழ்அட்டியிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திய வரிசை ஒன்று மேலே ஏறி வந்தது. முன்னால், இன்று மேடையில் இருக்கும் நம் தலைவர் போஜா கவுடர். கடைவீதியிலிருந்து இன்னொரு கூட்டம். முன்னால் ஒச்சப்பன், கையில் ரோஜா மாலை!

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "யாருங்க தவறினது?"

பழனியாண்டி தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கருப்பம்மா அக்காதான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பதில் சொன்னார்: "இன்னும் யாரும் சாகேல்லைங்க ஐயா. நாளைக்குத் தண்ணி நிண்டா, எல்லாரும்தான்."

ஒச்சப்பன் தலையில் கை வைத்தார். "ஏனுங்க, ஆள் சாகறதுக்கு முன்னாலயே தப்படிக்கற சனத்த இப்பத்தானுங்க பாக்கறேன்! இந்த மாலைய நான் யாரு கழுத்துல போடட்டும்?"

"அந்தப் பாறை கழுத்தில போடுங்க. இண்டைக்கு அதுக்குத்தான் சாவு!" என்றார் அக்கா.

போட்டாரே! பாறைக்கு மாலை போட்டாரே! தலைவர் போர்வையை மடித்து மரக்கிளையில் வைத்துவிட்டுக் கடப்பாரையைக் கையில் வாங்கினாரே! அப்புறம் விழுந்தது பாருங்கள் அடி! படுகப் பேச்சில் ஒரு அடி, கொங்குப் பேச்சில் ஒரு அடி, சிலோன் பேச்சில் ஒரு அடி! பாறைக்கு எந்தப் பேச்சு புரிந்ததோ, பிளந்தது! பொழுது இறங்கும் முன்னே பிளந்தது! சேற்றுத் தண்ணீர் நம் காலை நனைத்தபோது, அழுதது யார், சிரித்தது யார் என்று எவருக்குத் தெரியும்?

சகோதரர்களே, ஒன்று சொல்கிறேன். சாவு என்றால் சாதி கேட்காமல் ஓடி வருகிறோம். மொழி கேட்காமல் ஓடி வருகிறோம். பிழைப்பதற்கு ஏன் அப்படி ஓடி வரக்கூடாது? பாதைக்கு ஏன் கூடக்கூடாது? பள்ளிக்கு ஏன் கூடக்கூடாது? கூடினால் எந்தப் பாறை நம் முன்னே நிற்கும்?

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இன்னொன்றும் நடந்தது. ஓடை திரும்பியதும் கீழ்அட்டியின் உருளைக்கிழங்குத் தோட்டம் காய்ந்தது. காயும் என்று தெரிந்தேதான் தலைவர் நமக்காகக் கடப்பாரை பிடித்தார். தன் தோட்டத்துக்குப் பங்கு வேண்டும் என்று நம்மிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போன மாதம் நம் பெண்கள் கூடிப் பேசினார்கள். "நமக்குப் பாதித் தண்ணி காணும், மிச்சம் கீழ்அட்டிக்கு" என்றார்கள். மறுநாளே கிளை வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். நேற்று அது கீழ்அட்டித் தோட்டத்து வரப்பைத் தொட்டுவிட்டது!

தலைவர் அவர்களே, எழுந்திருங்கள். வேண்டாம், கண்ணைத் துடைக்க வேண்டாம்; இந்தத் தூறலில் யாருக்கும் தெரியாது. உங்களை மேடையில் உட்காரவைக்க மட்டும் கூப்பிடவில்லை. மண்ணால் அடைத்த மடை மேலே காத்திருக்கிறது. அதை உங்கள் காலால் தள்ளித் திறக்க வேண்டும். கேட்ட காதுகளுக்கும் நனைந்த தலைகளுக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லிவிட்டேன், வாருங்கள், எல்லோரும் மடைக்குப் போவோம்!