முப்பத்திரண்டு புள்ளி உயரச் சிறை

கத்தி எடுக்காமல், பூட்டுப் போடாமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல், வாட்டசாட்டமான ஓர் ஆளை ஐந்து ஆண்டுகள் ஓர் ஊரில் சிறை வைத்திருந்தவன் நான். சிறைச்சுவரின் உயரம் திரையில் முப்பத்திரண்டு புள்ளி. சட்டைப் பொத்தான் அளவுகூட வராது.

நம்ப முடியவில்லை என்றால் பரவாயில்லை. என்னை யாரும் நம்புவதில்லை. நான் வரைந்த குப்பைத்தொட்டி ஐகானில் ஈ மொய்த்தது என்றும், நான் வரைந்த அச்சு இயந்திரத்துக்குள் ஒரு குமாஸ்தா காகிதம் செருகப் பார்த்தார் என்றும் பல காலமாகச் சொல்லி வருகிறேன். ஈ விஷயம் மட்டும் உண்மை.

கணினித் திரையில் அழுத்துவதற்கென்று இருக்கும் குட்டிப் படங்களை வரைவது என் தொழிலாக இருந்தது. வரைந்து, அவற்றை மென்பொருளுக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பதும் நானேதான். எங்கள் நிறுவனத்துக்குப் பல ஊர்களில் கிளைகள். எல்லாக் கிளைகளுக்குமான அலுவல் மென்பொருளை எங்கள் கிளையின் மாடியறையில் ஏழெட்டுப் பேர் எழுதினோம். வருகை, விடுப்பு, இடமாற்றம் எல்லாம் அதற்குள்தான் நடக்கும்.

அது மூன்று ரக இயந்திரங்களில் ஓட வேண்டும். கீழ்த்தளத்துக் குமாஸ்தாக்களிடம் இருந்தது எங்கும் பார்க்கக் கிடைக்கும் சாதாரண ரகம். மாடியில் எங்களிடம் இருந்தது இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் போட்ட ரகம். மூன்றாவது, மேலாளரின் மேசையில் பளபளத்த வெள்ளை இயந்திரம். நிறுவனத்திலேயே அந்த ரகத்தில் அது ஒன்றுதான். ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். “இதுலயும் ஓடணும்” என்றார். அந்த ஒரு மனிதருக்காக ஒவ்வொரு படத்தையும் இன்னொரு தடவை வரைந்து தனியாக ஒரு கோப்புறையில் வைத்தேன். ஒரு ரகம் நிழல் கேட்கும், ஒன்று ஓரத்தை மழுங்கடிக்கச் சொல்லும், ஒன்று போட்டதைத் தின்னும். மூன்று மருமகள்களுக்கும் ஒரே மாமியார் சமைத்துப் போடுவது போன்ற வேலை அது.

எல்லாம் நேர்த்தியாகச் செய்தேன். பார்க்கத்தான் ஆள் இல்லை. படத்தை அழுத்துவார்களே தவிர, எவரும் பார்ப்பதில்லை.

அப்போதுதான் பிராணி வந்து சேர்ந்தான்.

அவன் எங்கள் சோதனையாளன். நாங்கள் எழுதியதில் என்ன பிழை என்று தேடுவது அவன் வேலை. சூரியன் கிழக்கே உதித்தது என்றால் யார் பார்த்தது என்று கேட்பான். சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்தோம். காலப்போக்கில் சந்தேகம் உதிர்ந்து பிராணி மட்டும் மிஞ்சியது. வந்த வாரமே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“எல்லா ஐகான்லயும் கீழ வலது மூலையில ஒரே ஒரு புள்ளி நீலமா இருக்கு. தப்பா, திமிரா?”

“திமிர்” என்றேன்.

“அப்ப சரி. பிழையில சேர்க்க மாட்டேன்.”

அந்தப் புள்ளி என் கையெழுத்து. ஆண்டுக்கணக்கில் போட்டு வந்தேன், ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. அவன் அதற்கு மச்சம் என்று பெயர் வைத்தான். அதற்குப் பிறகு நான் வரைந்ததெல்லாம் அவனுக்காகத்தான். நிழலை ஒரு புள்ளி நகர்த்தினால் மறுநாள் காலையில் கேட்பான், “என்னடா, வெயில் திசை மாறிடுச்சா?” எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மேலாளரின் தங்கையைத்தான் பிராணி கட்டியிருந்தான். அலுவலகத்தில் ‘சார்’, வீட்டில் ‘மச்சான்’. இருவருக்கும் ஒட்டுறவு அப்படி. பிறகு தங்கைக்கு ஓர் ஊரில் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. நாள் முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். அந்த ஊரிலும் எங்களுக்குக் கிளை உண்டு. பிராணி இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தான். மேலாளர் மகிழ்ச்சியோடு சரி என்றார். இனி அவர் தன் திரையில் இடமாற்றப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த அதிகாரம் அவர் ஒருவருக்கே உண்டு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். ஒரு பொத்தானை அழுத்த அனுமதி இல்லாதபோது கணினி அதன் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சிவிடும். படம் சாம்பலாகத் தெரியும். சாம்பல் என்றால் இப்போதைக்கு முடியாது என்று பொருள். இதை யாரும் யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. ஆனால் சாம்பல் பொத்தானை அழுத்திப் பார்த்த ஒரு பெரிய மனிதரை நான் கண்டதில்லை.

அந்த வாரம் புதிய பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. வெள்ளை இயந்திரத்துக்கான கோப்புறையில் மட்டும், இடமாற்றப் பொத்தானின் படத்தை முதலிலேயே சாம்பலாக வரைந்து வைத்தேன்.

பொத்தானை நான் முடக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அது காலை முதல் மாலை வரை திறந்தே கிடந்தது. விரலை ஒரு தடவை வைத்திருந்தால் போதும். அதன் சட்டையைத்தான் மாற்றினேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “இடமாற்ற பட்டன் சாம்பலா இருக்கே, ஏன்?”

“சாம்பலா இருந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா சார்?” என்றேன். கேள்விதானே கேட்டேன், பொய் சொல்லவில்லையே.

“மேலிடத்துல இன்னும் திறக்கலையோ?”

“அவங்க மனசுல என்ன இருக்கோ சார்.”

தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் ஆட்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அவர் மாடியேறி வந்தார். எங்கள் இயந்திரத்தில் பொத்தானைக் காட்டினேன், மாம்பழம் போல் மஞ்சளாக மின்னியது. “எங்க மெஷின்ல நல்லாத்தான் வருது சார்” என்றேன். உலகத்திலுள்ள எல்லா மென்பொருள்காரர்களும் சொல்கிற வாக்கியம் அது. அன்று அதை முழு உண்மையாகச் சொன்னேன். இதிலிருந்தே அழுத்திவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கறுப்பு டப்பாக்களில் கை வைப்பதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார்.

பிராணி கண்டுபிடித்திருப்பானே என்று கேட்பீர்கள். அந்த வெள்ளை இயந்திரத்தை மட்டும் அவன் சோதித்ததே இல்லை. கைரேகை படும் என்று மேலாளர் யாரையும் தொட விடமாட்டார். சின்ன மச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் கண்கள், ஒரு கதவு தள்ளியிருந்த அந்தத் திரையை ஐந்து ஆண்டுகளும் பார்க்கவில்லை.

அந்த ஐந்து ஆண்டுகள் நான் வரைந்த மாதிரி யாரும் வரைந்ததில்லை. என் கத்தரிக்கோல் ஐகானைப் பார்த்தால் நகம் கூசும்.

பிராணி சனிக்கிழமை வண்டியேறி ஞாயிறு இரவே திரும்புவான். அவன் மகள் அவனை ‘ஞாயித்துக்கிழமை அப்பா’ என்று கூப்பிட்டாளாம். வந்து சொன்னான். எனக்கு அது அழகான பெயராகப் பட்டது. மற்ற கிழமைகளுக்கும் அப்பா உண்டா என்று அவள் கேட்டதையும் சொன்னான். அன்றைக்கு அவனுக்காகப் புதிதாக ஒரு காலண்டர் ஐகான் வரைந்து கொடுத்தேன். ஆறுதல் சொல்வதில் நான் குறை வைத்ததில்லை.

வேறு சிலருடைய இடமாற்றமும் அதே பொத்தானில் சிக்கிக் கிடந்தது. கணக்குப் பிரிவு அம்மாள், நோயாளித் தகப்பனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று ஓர் ஊர் கேட்டிருந்தார். பிறகு அந்தத் தேவை இல்லாமல் போயிற்று. அவர்களெல்லாம் என் நோக்கத்தில் இல்லை, ஆகவே சேர்த்துப் பேசுவது நியாயமாகாது.

மேலாளர் ஓய்வு பெற்றார். வெள்ளை இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். புதிய மேலாளர் சாதாரண ரகம் போதும் என்று உட்கார்ந்தார். அவர் திரையில் பொத்தான் மஞ்சளாக மின்னியது. முதல் நாள் காலையிலேயே அழுத்திவிட்டார்.

பிராணி அதைத்தான் பிடித்துக்கொண்டான். முன்பின் தெரியாத மனிதர் ஒரு காலையில் செய்ததை, சொந்த மச்சான் ஐந்து ஆண்டுகள் செய்யவில்லை. தங்கச்சி தனியாகக் கிடந்து படட்டும் என்று இருந்துவிட்டார். பட்டன் சாம்பலாக இருந்ததாம், யாரிடம் காது குத்துகிறார் என்று கேட்டுவிட்டு அந்த வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினான். அதன் பிறகு காலம் ஓடி, எல்லாரும் ஓய்வு பெற்று, பிராணி குடும்பத்தோடு இந்த ஊருக்கே திரும்பி வந்தும், இரண்டு தெரு தள்ளியிருந்த மச்சானோடு பேச்சில்லை.

போன மாதம் பிராணியின் மனைவி காய்கறிப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணா, நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும். அடுத்த வாரம் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். போனா அப்படியே அங்கேயே இருந்துக்கோன்னு சொல்லிட்டார். விளையாட்டுக்குச் சொல்லலண்ணா, மூஞ்சியைப் பார்த்தா தெரியுது. ரெண்டு பக்கமும் கால் வச்சு என்னால நிக்க முடியல. நீங்க சொன்னா கேப்பார்.”

“நான் சொன்னா யாரும்மா கேக்கறா?”

“அவர் கேப்பார். அந்த அஞ்சு வருஷமும் நீங்கதானே கூடவே இருந்து அவரைத் தாங்கினீங்க.”

தங்கமான பெண். அவளுக்காகத்தான் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். சொன்னால் பிராணி என் வேலைப்பாட்டைக் கடைசியில் பார்ப்பான் என்ற எண்ணமும் இருந்தது, ஆனால் அது இரண்டாம் பட்சம்.

அன்று மாலை என் வீட்டுப் பால்கனியில் அவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஆதி முதல் அந்தம் வரை சொன்னேன். ஒரு சுளையைக்கூட வாயில் போடாமல் கேட்டான். பிறகு தோளைத் தட்டினான்.

“நீ நல்லவன்டா. எங்களைச் சேர்த்து வைக்க உன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கற.”

என்னை ஒருவர் நல்லவன் என்று சந்தேகித்தது அதுதான் முதல் தடவை.

“நிஜமாத்தான்டா சொல்றேன். நான்தான் பண்ணினேன்.”

“ஈ மொய்ச்ச மாதிரியா?”

“ஈயும் நிஜம்.”

“ஆதாரம்?”

“அந்த மெஷின் இன்னும் இருக்கு. உன் மச்சான் வீட்டு முன்னறையில, துணி போர்த்தி வச்சிருக்கார்.”

அவன் முகம் சுருங்கியது. ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அவனை எனக்குத் தெரியும். கோபத்தோடு அவன் ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்துவான், சோதிக்காத ஒரு பிழையோடு ஒரு வாரம் தாங்கமாட்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். பின்னால் மனைவி.

“ஆளைப் பார்க்க வரல. மெஷினைப் பார்க்க வரேன். அதை மொதல்ல தெளிவுபடுத்திக்கோ.”

மூன்று பேரும் போய்த் தட்டியதும் மேலாளர் கதவைத் திறந்தார். நன்றாக மெலிந்திருந்தார். பிராணி அவருக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்து, “மெஷின் எங்க?” என்றான். சுவருக்குப் பதிலாக அவரே முன்னறையைக் காட்டினார். துணியை எடுத்தால் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அதற்கு உயிர் வருவதற்குள் எனக்கு நாலு தடவை உயிர் போனது. பழைய மென்பொருள் திறந்தது. இடமாற்றப் பொத்தான், நான் விட்டுவந்த மாதிரியே, சாம்பலாக.

“பாரு” என்றார் மேலாளர் தங்கையிடம். “நான் என்னிக்காவது பொய் சொன்னேனா?”

பிராணி நாற்காலியில் உட்காரவில்லை. குனிந்து பார்த்தபடியே சொன்னான், “அழுத்துங்க மச்சான்.”

அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் மனைவி சமையலறை வாசலில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றுவிட்டார்.

“சாம்பலா இருக்கே மாப்ளே.”

“இருக்கட்டும். அழுத்துங்க.”

மேலாளர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பொத்தான் உள்ளே அமுங்கி வெளியே வந்தது. ஒரு பெட்டி திறந்தது. ‘தலைமை அலுவலகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்றது. யாருக்கும் புரியவில்லை என்று நான் விளக்கினேன், “மெஷின் இப்ப வீட்டுல கிடக்கு, ஆபீஸோட தொடர்பு இல்ல, அதான். அன்னிக்கு அழுத்தியிருந்தா போயிருக்கும்.”

மேலாளர் மறுபடி அழுத்தினார். மறுபடியும். பெட்டி வந்துகொண்டே இருந்தது.

பிராணி மட்டும் அசையவில்லை. “இது போதாது” என்றான். “மெஷினே தப்பாக் காட்டியிருக்கலாம். பழைய டப்பா.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். எதைத் தேடுகிறான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை ஆண்டுகளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கீழே வலது மூலையில் அவன் விரல் நின்றது.

“நீலம்” என்றான்.

“என்ன மாப்ளே?”

“மெஷின் நிறத்தை உறிஞ்சினா ஒரு புள்ளி விடாம உறிஞ்சிடும் மச்சான். நீலம் மிஞ்சாது. இது கையால பூசின சாம்பல்.”

“நான்தான் சொன்னேனேடா” என்றேன். “ஒளிக்கவே இல்ல பாரு. என் மச்சத்தோடதான் வச்சிருந்தேன். நீ ஒரு தடவை வந்து பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

அவன் என் பக்கம் திரும்பவில்லை. மனைவியை ஒரு தடவை பார்த்தான். பிறகு, இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினான்.

“போதும் மச்சான், விடுங்க. அவன் சொன்னது நடந்திருக்கு.”