வாசலில் இல்லாத ஷூ

மேடைக்குப் பெருமை சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் காட்டும் மூத்தவர்களே! படம் முடிந்தும் கண் துடைத்து முடிக்காத தாய்மார்களே! இடமில்லாமல் நின்றே பார்த்த தம்பிமார்களே! எழுத்தறியாமல், வாயை மட்டும் வைத்து வாழ்ந்துவிட்ட இந்தக் கதைசொல்லியின் வணக்கம்.

என்னப்பா? மைக்கைக் கிட்ட வைக்கணுமா? வச்சாச்சு. மைக்கும் மாப்பிள்ளையும் ஒன்று. கிட்டே போனாலும் முறைக்கும், தள்ளி நின்றாலும் முறைக்கும். சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் சிரிக்க இடமில்லை.

இந்தப் பேய்ப்படத்தை எடுத்தவர்கள் மூன்று பிள்ளைகள். ஒருவன் வீடியோ எடுப்பவன், ஒருவன் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன், ஒருவன் வாடகை வண்டி ஓட்டுபவன். அதே வீட்டில் நாலாவதாக இருந்தவன், ரொட்டிக் கடையில் அடுப்படியில் நின்றவன், என் மகன். இப்போது இல்லை.

"படத்தை வெளிய காட்டலாமாப்பா? நீங்க சரின்னாதான்" என்று மூவரும் கேட்டார்கள்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்த்துவிட்டேன். சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

அதற்குமுன் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும். குழாய் தானாக முனகும். "முன்னாடி இருந்தவர் நல்ல சாவு சாகலப்பா" என்று கீழ்வீட்டுக்காரர் கொளுத்திப் போட்டுவிட்டார். வாடகை குறைவு, பயம் இலவசம்.

நால்வருக்கும் வேறு வேறு நேரத்தில் வேலை. யார் உள்ளே, யார் வெளியே? வாசலில் பார்த்தால் போதும். ஷூ இருந்தால் ஆள் இருக்கிறான். ஷூ இல்லையா, ஆளும் இல்லை.

ஒருநாள் வண்டிக்காரத் தம்பியின் ஷூ வாயைப் பிளந்தது. என் மகனின் ஷூவை மாட்டிக்கொண்டு போனான். அது குற்றமா? சட்டையையே மாற்றி மாற்றிப் போட்டவர்கள்! அறைக்குள் என் மகன் காய்ச்சலில் கிடந்தான். தொண்டை கட்டிக் குரல் எழவில்லை. தவழ்ந்து வந்தான்; எழுந்து தாழ்ப்பாளை நீக்கத் தெம்பில்லை, கதவைத் தட்டினான். கூடத்தில் இருந்த இருவரும் வாசலைப் பார்த்தார்கள். ஷூ இல்லை.

"டேய், உள்ள ஆளே இல்லடா! தட்டுறது யாரு?"

"பேசாத, ஓடு!"

ஓடினார்கள். தட்டியவன் என் பிள்ளை. பேயென்று ஓடினார்கள்! வண்டிக்காரன் வந்தபிறகே, அவனோடு சேர்ந்து வீட்டுக்குத் திரும்பினார்கள்; வாசலில் அவன் என் மகனின் ஷூவைக் கழற்றினான். அதைப் பார்த்தபோதுதான் மற்ற இருவருக்கும் விளங்கியது. கதவை உடைத்தார்கள். உயிர் இல்லை. தட்டிய கை மடங்கியபடியே இருந்தது.

இன்று திரையிலும் அந்தக் கதவு தட்டப்பட்டது. நீங்கள் என்ன கத்தினீர்கள்? "திறக்காதே! திறக்காதே!" அரங்கமே அதிர்ந்தது. ஒரே ஒருத்தி மட்டும் "திறங்கடா! சீக்கிரம் திறங்கடா!" என்று கத்தினாள். கேட்டீர்களா? "யாருடா அது, பைத்தியம்?" என்று யாரோ சிரித்தீர்களே... தலை குனிய வேண்டாம் ஐயா, தெரியாமல் சொன்னதுதானே. அவள் என் மனைவி.

பிள்ளைகளா, படம் போகட்டும். ஊரெல்லாம் போகட்டும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படத்தின் கடைசியில் கதவைத் திறந்து பேயாக வருகிறவன் வண்டிக்காரனின் கழுத்தை நெரிக்கிறான். என் மகன் நெரிப்பானா? ரொட்டி கருகினால்கூட அடுப்பைத் திட்டாதவன் நெரிப்பானா? அவன் வந்தால் முதலில் காலைத்தான் பார்ப்பான். "ஷூ கடிக்குதாடா?" என்று கேட்பான். அதை வையுங்கள். அதைவிட உலுக்குகிற முடிவு உங்களுக்குக் கிடைக்காது.

அன்றிலிருந்து வெறுங்காலோடு திரிகிற வண்டிக்காரத் தம்பி, தூண் மறைவில் நிற்காதே, மேலே வா. இந்தா, அதே ஷூவைத் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அழாதடா. மாட்டிக்கோ, வெளிய தரை சுடுது.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும், மூடிக் கிடக்கும் கதவு இருந்தால் ஒருமுறை தட்டுங்கள். வாசலில் ஷூவைத் தேடாதீர்கள். உள்ளே ஆளைத் தேடுங்கள்.

வணக்கம்.