'நேத்து அமிலம்' தந்த வடிவேலு அவர்களுக்கு

அமிலத்தின் ஆங்காரம் அறிந்தவரே! காரத்தின் கடுப்பைக் கனிவாய்க் கையாண்டவரே! குடுவையையும் குழாயையும் குளிப்பாட்டிவிட்ட கோட்டூர்புரத்துக் கோமானே! நம் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தை முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் காத்து இன்று ஓய்வுபெறும் ஆய்வக உதவியாளர் திரு. வடிவேலு அவர்களே! வணக்கம்.

கோட்டூர்புரத்து ஆற்றோரத்திலிருந்து சைக்கிளில் வந்து, மணி எட்டடிக்குமுன் ஆய்வகச் சன்னல்களைத் திறந்துவைப்பீர்கள். உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாளில் அழுகிய முட்டை நாற்றம் தெருவரை போகும். எதிர்த்த டீக்கடை பீர் முஹம்மது, "இன்னா நைனா, இன்னிக்குப் பிராக்டிகலா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே தங்களுக்கு டீ அனுப்புவார். அந்த நாற்றம்கூட இப்போது எங்களுக்கு இனிக்கிறது!

'நீர்த்த அமிலம்' என்ற சொல் தங்கள் நாவில் என்றுமே 'நேத்து அமிலம்'தான். திருத்திப் பார்த்துத் தோற்றவர் பலர். "நேத்தே கலந்து வெச்சாத்தாம்மா சூடு ஆறிக் கீது. அப்ப அது நேத்து அமிலம்தானே?" என்பீர்கள். பொதுத்தேர்வு விடைத்தாளிலும் 'நேத்து கந்தக அமிலம்' என்று எழுதி வந்த மாணவிகள் உண்டு. மதிப்பெண் போச்சு, ஆனால் பொருள் தவறவில்லை!

இனிச் சொல்லப்போவது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்குப் புதிது.

தொண்ணூற்று மூன்று பிப்ரவரி, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஆசிரியை ஒருத்தி, முந்தின நாள் மாதிரித் தேர்விலேயே நேத்து அமிலத்தை மொத்தமாய்த் தீர்த்துவிட்டிருந்தாள். வெளித்தேர்வாளர் வரக் கால்மணி நேரமே இருந்தது. தங்களைப் பியூரெட் எடுத்துவர அனுப்பிவிட்டு, தானே கலக்கத் துணிந்தாள். தண்ணீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும் என்று எத்தனையோ முறை பாடம் எடுத்தவள், அன்று அடர் அமிலத்தில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"தள்ளு மேடம்!" என்று, பியூரெட்டோடு திரும்பிய தாங்கள் பாய்ந்து கையைக் குறுக்கே நீட்டினீர்கள். கொதித்துத் தெறித்தது தங்கள் முன்கையில் விழுந்தது. அவள் முகம் பிழைத்தது.

தலைமையாசிரியை ஓடிவந்து, "யார் பண்ணினது?" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை. குழாயடியில் கையை நீட்டியபடி, "நான்தாம்மா. அவசரத்துல மாத்தி ஊத்திட்டேன்" என்றீர்கள். 'கவனக்குறைவு' என்று மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள். அவள் அழுதபோது, "நீங்க இப்பத்தான் வேலைக்கு வந்துகீறீங்க. எனுக்கு இன்னும் அஞ்சு வருசம், தள்ளிட்டுப் பூடுவேன்" என்றீர்கள்.

மெமோவைத் தள்ளிவிட்டீர்கள். பேர் ஒட்டிக்கொண்டது. அன்றுமுதல் தேர்வுக்குத் தயாராகும் ஒவ்வொரு வகுப்பிலும், "அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் என்ன?" என்று நாங்கள் கேட்போம். "வடிவேலு கலவை!" என்று மாணவிகள் கத்துவார்கள். எல்லோரும் சிரிப்போம். பக்கத்து அறையில் பிப்பெட் கழுவிக்கொண்டிருக்கும் தாங்கள் அதைக் கேட்பீர்கள். ஆண்டுக்கு நாலு பிரிவு, ஐந்து ஆண்டு. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அந்த ஆசிரியையும் வாய் திறக்கவில்லை. சிரிக்கக்கூடச் சிரித்தாள். வெட்கக்கேடு.

ஐயா, முப்பத்து நான்கு ஆண்டுகளில் தாங்கள் ஒருமுறைகூட மாற்றி ஊற்றியதில்லை. இதை இந்த அவையறியச் சொல்கிறோம். வரும் ஜூனில் அதே பாடம் வரும். அதே கேள்வியும் வரும். சரியாகக் கலப்பதற்கே இனி 'வடிவேலு கலவை' என்று பேர். தவறாகக் கலப்பதற்கு வேறொரு பேர் கீழே இருக்கிறது.

தழும்பேறிய அந்தக் கை தளராது, தங்கள் துணைவியார் சுலோச்சனா அம்மையாரோடு நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில், வருவோர் போவோர் படிக்கும்படி, வாசலைப் பார்த்து மாட்டுங்கள்.

மந்தைவெளி, சென்னை-28
மே 1998

தங்களை என்றும் மறவாத ஆசிரியர், அலுவலர் அனைவர் சார்பில்,
அன்று தண்ணீரை ஊற்றிய
ஸ்ரீரஞ்சனி