அடுப்பில்லாத ஒன்பது வீடுகள்

எனக்கு வயது பதினாறு. பதினெட்டு நிறையாததால் என் பெயரையும் முகவரியையும் இந்த வாக்குமூலத்தில் எழுதாமல் தனித்தாளில் எழுதி உறையில் வைத்து ஒட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். இரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. இப்போது என் அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. நானாகவே அம்மாவோடு வந்து காவல் நிலைய வாசலில் வெகுநேரம் நின்றேன். பெண் காவலர் ஒருவர் வெளியே வந்து விசாரித்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். எல்லோரும் அவரை வாட்ச்காரர் என்பார்கள். உறவில்லை என்றாலும் நான் மாமா என்று கூப்பிடுவேன். வெள்ளம் வடிந்த நான்காம் நாள் நிவாரண அமைப்பின் அலுவலர் வந்து, ஒரே நாளில் வீடுகளின் பட்டியல் வேண்டும் என்று அவரிடம் கேட்டார். பட்டியலில் இல்லாத ஒரு வீட்டுக்கு நிவாரணப் பொட்டலம் போனாலும் அடுத்த லாரி இந்தத் தெருவுக்கு வராது என்றும் சொன்னார். தலைவரின் கண்ணாடி வெள்ளத்தில் போய்விட்டதால் அவரால் எழுத முடியவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் கடை முதலாளியிடம் கேட்டு என்னை அழைத்துப் போனார். நான் ஒரு நீள நோட்டும் மர ஸ்கேலும் எடுத்துக்கொண்டேன்.

தலைவர் ஆட்களை எண்ணவில்லை, அடுப்புகளை எண்ணினார். போன வெள்ளத்தில் பெயர் கேட்டு எழுதியபோது செத்தவர்களையும் கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்த்துச் சொன்னார்களாம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்குள் போய் அடுப்பின் மேல் கை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் ஒரு வீடு என்று நான் எழுத வேண்டும். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு என்றார்கள். இரண்டாவது அடுப்பில் அவர் கை வைத்தபோது பர்னருக்கு அடியிலிருந்து பல்லி ஓடியது. "பல்லிக்கெல்லாம் தனிக் கார்டு கிடையாதும்மா" என்றார். அந்த மாமியாரே சிரித்துவிட்டார்.

அதன் பிறகு தெருவின் கடைசியில் இருக்கும் பின்சந்துக்குப் போனோம். அங்கே சேறு முழங்கால் வரை இருந்தது. தலைவர் சந்து முனையில் நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். ஒன்பது வீட்டிலும் கூரைத் தகரம் இல்லை, பாத்திரம் இல்லை, அடுப்பும் இல்லை. ஆட்கள் இருந்தார்கள். இஸ்திரி போடும் அக்கா ஒரு மெத்தையைக் கணவரோடு சேர்ந்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததும் தலைவர், "அடுப்பு இருக்கா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "அப்ப எல்லாம் மேட்டுப் பக்கம் போயிட்டாங்க போல, வா" என்று நடக்கத் தொடங்கினார். ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் வேகமாக நடந்தார். எனக்கு யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பழக்கமில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒன்பது வீட்டையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக 'அடுப்பு இல்லை, ஆள் உண்டு' என்று குறித்தேன். சாயங்காலம் காட்டலாம் என்று நினைத்தேன். காட்டவில்லை.

பட்டியலில் நூற்றெட்டு வீடு. பொட்டலம் நூற்றிருபது வந்தது. சென்ற வியாழக்கிழமை காலை சங்கக் கூடத்தில் நூற்றெட்டையும் கொடுத்து முடித்தோம். மீதிப் பன்னிரண்டை மதியம் அலுவலர் வந்து திருப்பி எடுத்துப் போவதாக ஏற்பாடு. கூடத்தைப் பூட்டி, தலைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்பது வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். சத்தம் போடவில்லை. இஸ்திரி அக்கா மட்டும் பேசினார்.

"அண்ணே, எங்களுக்கு?"

"அடுப்பு உள்ள வீடு எல்லாத்துக்கும் குடுத்தாச்சும்மா."

"அடுப்பு தண்ணியோட போச்சுண்ணே. நாங்க போகலையே. இங்கதானே நிக்கிறோம்."

தலைவர் என் பக்கம் திரும்பி, "நீ உள்ள போனியே, ஆளுங்க இருந்தாங்களா?" என்று கேட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் கண்ணருகில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்து, "படி" என்றார். ஒன்பது வரியையும் படித்தேன். மூன்றாவது வரிக்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்த கை அது. பிறகு சாவியை எடுத்து இஸ்திரி அக்காவிடம் கொடுத்து, "திறம்மா" என்றார். பூட்டை யாரும் உடைக்கவில்லை.

பொட்டலங்கள் உயரமாக அடுக்கியிருந்தன. தலைவரே பெஞ்சின் மேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்பதாவதைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது பெஞ்சின் முனை தெரியாமல் காலை வெளியே வைத்து விழுந்தார். வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. யாரும் தள்ளவில்லை. இஸ்திரி அக்கா என் ஸ்கேலை வாங்கி அவர் கைக்கு அடியில் வைத்து, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினார். "ஆட்டாதீங்கண்ணே, நாளைக்கு யாரு வாட்ச் ரிப்பேர் பண்றது" என்றார். அந்த ஸ்கேல் ஆஸ்பத்திரியில் இருக்கும். ஓரத்தில் எங்கள் கடையின் பெயர் இருக்கும்.

அப்போதுதான் அலுவலர் வந்தார். கூடம் திறந்து கிடப்பதையும் ஆட்கள் பொட்டலத்தோடு நிற்பதையும் பார்த்து, "என்ன சார் நடக்குது?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "கும்பலா புகுந்துட்டாங்க சார்" என்றார். அலுவலர் போலீசுக்குப் போன் செய்தார். முன்னால் நின்றதால் இஸ்திரி அக்காவைக் காவல்துறையினர் அழைத்துப் போனார்கள். மீதி மூன்று பொட்டலம் அப்படியே இருந்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் அதை விட்டுப் போவார்களா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைவரைப் பார்த்தோம். அவர் சொன்னார்: "நூத்தியெட்டு வீட்டுக்கு அடுத்த லாரி வரணும் பாப்பா. உங்க வீடும் அதுல இருக்கு. வந்ததும் நானே போய் அவளை வெளிய கொண்டாந்துடுறேன். அதுவரைக்கும் நீ எப்பவும் போல இரு."

நான் எப்போதும் போல இருந்தேன். இரண்டு நாள் இருந்தேன். இன்று காலை இஸ்திரி அக்காவின் கணவர் ஜாமீனுக்காக அக்காவின் அடையாள அட்டையை நகல் எடுக்க வந்தார். அட்டை வெள்ளத்தில் நனைந்திருந்தது. மூன்று முறை எடுத்தும் முகம் கறுப்பாகவே விழுந்தது. "விடு பாப்பா, மூஞ்சியைத்தான் அவங்க நேர்லயே பார்த்துக்கிட்டு இருக்காங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நான் மெஷினை அணைத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது பொய். லாரி வராமல் போனால் அதற்கு நானும் காரணம் என்பது தெரிந்தே சொல்கிறேன். அன்று சந்து முனையில் தலையை ஆட்டாமல் வாயைத் திறந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. நோட்டை ஒப்படைத்துவிட்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். நானே வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, அறையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் நான் 'ஒன்பது வீட்டுக்காரர்கள்' என்று சொன்ன இடத்தில் 'கும்பல்' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதை அடித்துச் சரியாக எழுதினார்கள். அடித்தல் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் சொன்னதும்தான் என்று கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.