தட்டிப் பார்க்கும் கம்பி

இரவு இரண்டு மணி. மொன்றியல், ஷெர்புரூக் வீதியில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. பனி மட்டும்... கொட்டுகிறது.

கிட்ட வந்து இருங்கள். இது என் சிநேகிதன் குணரத்தினத்தின் மச்சான் பேரின்பநாதனுக்கு நடந்தது. எண்பத்தாறில். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து, பஸ்ஸால் இறங்கி, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த வீட்டுக்கு நடந்து வருகிறான். ஒரே அறையில் ஐந்து பேர். வந்து பாயில் சரிகிறான்.

தரைக்கு அடியிலிருந்து... ணங். ணங்.

கீழ்வீட்டுக்காரன் கூட்டுகிற தும்புத்தடியால் தன் சீலிங்கில் இடிக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். நம்மவர் இருந்த வீடுகளில் அது தெரிந்த சத்தம்தானே.

"மெல்லமாக் கதையுங்கோடா. இன்னொருக்கா முறைப்பாடு போனா நாங்கள் ரோட்டிலதான்" என்றான் அறைக்கூட்டாளி ஆனந்தராசா.

நுனிக்காலில் நடந்தார்கள். ரேடியோவைத் தொடவில்லை. மறுநாளும்... ணங்.

பேரின்பநாதனுக்கு அகதி வழக்கு விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு வில்லங்கமும் கூடாது. மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினான்.

கதவைத் திறந்த கிழவனின் பெயர் ரெமி. முகத்தில் இரத்தமே இல்லை. தட்டுவது நானில்லை, நீங்களும் இல்லையா என்று கேட்டான். இல்லை என்றதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டான்.

பிறகு சொன்னான். வடக்கே ஒரு சுரங்கத்தில் அவன் போர்மன், வேலையாட்களுக்கு மேலாள். அங்கே சைமன் என்று ஒரு முதியவர். அந்த மண்ணின் ஆதிக்குடி, கிரீ இனம். தன் இனத்து இளைஞர்களுக்குச் சுரங்க வேலை பழக்கியவர். அவர்களுக்கு அவர் மூஷும், அதாவது பாட்டன். உள்ளே போகுமுன் நீண்ட இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். ணங் என்றால் பாறை நிற்கும். தொப் என்றால் விழப்போகிறது.

ஒருநாள் தொப் என்றது. என் பிள்ளைகளை விடமாட்டேன் என்று மறித்தார் சைமன். போகாவிட்டால் அத்தனை பேருக்கும் வேலை இல்லை என்றான் ரெமி. கிழவர் அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் போனார்.

பாறை இறங்கியது.

சாவு விசாரணையில் ரெமி சொன்னது ஒன்றுதான். அவர் குடித்திருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதரை! எழுதிக்கொண்டார்கள். அந்த மக்களைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பும் ஊர். நாசமாய்ப் போனவன், பென்சனும் எடுத்துக்கொண்டு மொன்றியலுக்கு வந்துவிட்டான்.

கட்டிலை அறைக்கு அறை இழுத்துப் பார்த்தானாம். சத்தமும் கூடவே போனது. கட்டிலுக்கு நேர் மேலே.

அன்று இரவு... ணங். ணங். கொஞ்சம் பொறுத்து...

தொப்.

காலையில் கதவை உடைத்தார்கள். சீலிங்கில் ஒரு கீறல் இல்லை. ரெமியின் வாய் நிறையச் சாம்பல் நிறக் கல்தூள். வீடெல்லாம் ஈரப் பாறை மணம்.

பொலிஸ்காரன் பேரின்பநாதனைப் பிடித்தான். கடைசியாக அவனோடு பேசியது நீதானே, என்ன சொன்னான்? சைமனின் பெயரில் இருந்த கறையைக் கழுவ இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது இவனுடைய ஒரு வாய்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் சாட்சி, கோர்ட்டு, கச்சேரி... அகதி வழக்கு என்னாவது?

"ஒண்டும் இல்லை சேர். குடிச்சிட்டு ஏதோ உளறினவர்."

வழக்கு வென்றது. கல்யாணம் கட்டி, மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லவாலில் வீடு எடுத்தான். மேல்மாடி. அதற்கு மேலே ஆட்கள் இல்லை, வெறும் கூரை.

முதல் இரவே கேட்டதாம். ணங். வாசல் பக்கத்தில். பிறகு குசினியில். பிறகு படுக்கையறையில்.

போன கிழமை குணரத்தினத்துக்கு டெலிபோன் எடுத்தான்.

"மச்சான்... நான் பொலிசிட்டப் போய்ச் சொல்லப்போறன். எல்லாத்தையும். விடியட்டும்..."

அதற்குள் டெலிபோனுக்குள்ளே குணரத்தினத்துக்கும் கேட்டது.

தொப்.