விதைக்கு விடாத செடி

புகையிலையை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம், ஐயா. கடையில் தொங்குகிற காய்ந்த புகையிலைதான் தெரியும். பச்சையாக மண்ணில் நிற்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

இலை அகலமாக, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். ஆனால் பக்கத்தில் கிளைத்து வரும் இளந்துளிர் ஏதோ ஒரு கீரை மாதிரிதான் தெரியும். பூ வந்துவிட்டால் சந்தேகமே கிடையாது. உச்சியில் கொத்தாக, வெளிர் ரோஸ் நிறத்தில், சின்னச் சின்னப் புனலாக நிற்கும். அப்புறம் காய். அது காய்ந்து வெடித்தால் உள்ளே தூசி போல விதை. எங்கள் ஊரில் சிறுபிள்ளைகூடப் பூவைப் பார்த்தால் பெயர் சொல்லிவிடும்.

நான் கூலி வேலைக்குப் போகிறவள். வெற்றிலைக்குப் போட என் குடிசைக்குப் பின்னால் கொஞ்சம் புகையிலை வைப்பேன். பக்கத்திலேயே கீரைப் பாத்தி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடை அருகில் என்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை.

என் ஒரே மகள் ஆண்டாளை என் அண்ணன் மகன் கொளஞ்சியப்பனுக்குத்தான் கொடுத்தேன். அவனுக்குக் கரும்புக் காடும் ஒரு மாட்டுவண்டியும் இருந்தன. அவளுக்குப் பிரசவ நோவு கண்ட அன்று, வண்டியில் கரும்பு ஏற்றி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். நான் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"கரும்ப எறக்கிப் போட்டுட்டு இவள ஏத்துடா. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துக்கீது அத்த. முறை போச்சுன்னா கரும்பு காஞ்சிடும். இப்பதான நோவு கண்டிருக்குது, வந்து கூட்டிக்கினு போறேன்."

என் கையை மெதுவாகத்தான் விலக்கினான். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. வேறு வண்டிக்கு ஊரெல்லாம் அலைந்தேன். எல்லா வண்டியும் ஆலை வாசலில் நின்றது. மறுநாள் அவன் திரும்பி வந்தபோது ஆண்டாளும் வயிற்றுப் பிள்ளையும் போயிருந்தார்கள்.

"தலையெழுத்து அத்த, இன்னா பண்றது" என்றான். சாயங்காலம் யாரோ கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டான். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனோடு நான் சண்டை போடவில்லை. பெரிய மனசு என்று ஊரில் சொன்னார்கள். மாதங்கள் கழித்து உளுந்தூர்பேட்டையிலிருந்து ஜெயம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய அப்பா லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கீரையைக் கட்டாகத்தான் பார்த்திருக்கிறாள், செடியாகப் பார்த்ததில்லை. அம்மா இல்லாத பெண். என்னை அம்மா என்றே கூப்பிட்டாள். தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்காருவாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, புகையிலையில் பூமொட்டு வர வர எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன். இலை தடிக்க எல்லோரும் கிள்ளுவதுதான். விதைக்கு மட்டும் ஒன்றிரண்டு செடியை விட்டுவைப்பார்கள். இந்த வருஷம் நான் ஒன்றுகூட விடவில்லை. மொட்டைக் கிள்ளினால் பக்கத்தில் துளிர் நிறைய வரும். அதை ஒடிக்காமல் விட்டேன்.

கொளஞ்சியப்பன் என் கொல்லைப்பக்கம் வருவதே இல்லை. ஆண்டாளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய இடம் அது.

அன்று காலையில் அவனுடைய வண்டி கரும்போடு என் வாசலைத் தாண்டிப் போனது. ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்ப மறுநாள் ஆகும். வெயில் ஏறியதும் ஜெயம்மாள் வந்தாள். மசக்கையில் எதுவும் இறங்கவில்லை, கீரை கடைந்து சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்றாள். கீரை பறிக்கக் கொல்லைக்குப் போனாள்.

"இது இன்னா கீரைங்கம்மா? தளதளன்னு இருக்குது."

நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அவள் மடி நிறையப் பறித்துக்கொண்டு போனாள்.

அவன் மறுநாள் வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. நீங்களும் வந்தீர்கள். பட்டணத்துப் பெண், தெரியாமல் புகையிலைத் துளிரைப் பறித்துத் தின்று செத்துப்போனாள் என்று ஊரே சொன்னது, நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனீர்கள். அதோடு விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆனால் காரியம் முடிந்த அன்று கொளஞ்சியப்பன் என் குடிசைக்கு வந்து, என் மடியில் தலையை வைத்து அழுதான். அழுது முடித்து எழுந்து உட்கார்ந்தான். "எனுக்குப் பொண்டாட்டி ராசி இல்ல அத்த. எல்லாம் தலையெழுத்து" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். இவ்வளவு செய்தும் அவனுக்கு நிம்மதி கிடைக்கிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று நீங்கள் அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்னை என்ன செய்தாலும் சரி.

நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என் குற்றம் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கே உட்கார்ந்து பேசும்போது அப்படிச் சொல்ல வரவில்லை. மத்தியானம் அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் வந்தாள்.

"ஒரே கசப்பா இருக்குதுங்கம்மா. கொட்டிடட்டா?"

"புளி கொஞ்சம் கரைச்சு ஊத்திக்க கண்ணு. புள்ளைக்கு நல்லது" என்றேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் அவள்.