மூலைக் கட்டிலில் ஆள் இருக்கு

“பேய் என்பது எண்ணிக்கை போதாததால் வரும் ஒரு வியாதி.”

சொன்னவர் ஒரு டாக்டர். தமாஷுக்குச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மருந்து எழுதிக் கொடுக்கிற முகத்தோடு சொன்னார். வேறு யாருமில்லை, நம் நண்பன் ஒருவனின் மச்சான்தான்.

கிட்ட வந்து உட்காருங்கள். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள்...

இரவு ஒரு மணி. ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரி. அதன் வாசலோடு சாலையே முடிந்துவிடும். உள்ளே பெண்கள் வார்டு, மூலையில் ஒரு கட்டில். விளக்கை அணைக்கும்போது நர்ஸ்கள் அந்தத் தலையணையில் கை வைத்து, “ஆள் இருக்கு” என்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. சொல்லாவிட்டால் வேறொன்று இடம் தேடி வந்து படுத்துக்கொள்ளுமாம்.

“ஒரு தடவ நான் மறந்துட்டேன் டாக்டர்,” என்றாள் பெரிய நர்ஸ். “காலையில அந்தம்மா செத்துக் கிடந்தாங்க. தலகாணியில ரெண்டு பள்ளம். பக்கத்துப் பக்கத்துல... ரெண்டு தல படுத்த மாதிரி.”

“ஒரு தடவ நடந்தா அது வெறும் கதைதான், அக்கா. சான்று இல்ல. திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்.”

“என்னத்தச் செஞ்சு பாக்கறது?”

“சொல்லாம இருந்து பாக்கறது.”

அன்றிலிருந்து விளக்கணைக்கும் முன் டாக்டர் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் சொல்லலாம். பூ விழுந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. படுத்திருப்பவளுக்கு விஷயம் தெரியவே கூடாது. தெரிந்தால் பயத்திலேயே செத்து, முடிவைக் கெடுத்துவிடுவாளாம்.

முதல் பூவில் ஒரு வாத்தியாரம்மா போனாள். தலையணையில் இரண்டு பள்ளம். “வயசாச்சு,” என்றார் டாக்டர். நடுவில் பூ விழுந்தும் ஒன்றும் ஆகாத இரவுகள் உண்டு. மறுநாள் டாக்டர் நன்றாகச் சாப்பிடுவார். அப்புறம் ஒரு கல்லூரிப் பெண் போனாள். அவளுடைய அப்பா வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் தோளைத் தொட்டு, ஆறுதலாக, “இன்னும் எண்ணிக்கை பத்தல சார்,” என்றார்.

அந்த வாரமே டாக்டரின் தங்கைக்குக் காய்ச்சல். வார்டு நிறைந்திருந்தது. மூலைக் கட்டில் மட்டும் காலி. அடிக்கடி காலியாகிற கட்டில் அதுதானே.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. விடிந்தால் வீட்டுக்குப் போகிறவள். தங்கையின் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டு, “உங்கண்ணனுக்கு நல்ல மனசும்மா. இந்த மூலையத்தான் வந்து வந்து பாக்கறாரு,” என்றாள்.

அன்றிரவும் டாக்டர் காசைச் சுண்டினார். பூ.

“இன்னைக்கு மட்டும் விட்டுடலாம் டாக்டர்,” என்றாள் பெரிய நர்ஸ். “நம்ம பொண்ணு.”

“சோதனைக்கு நம்ம பொண்ணு, அடுத்த வீட்டுப் பொண்ணுன்னெல்லாம் கிடையாதுக்கா.”

குரல்தான் லேசாகப் பிசிறடித்தது. விளக்கை அணைத்தார்கள்.

ஒரு மணிக்கு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் வார்டுக்குள் வந்தார். ஈரச் சிமெண்ட் வாடை... மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. தங்கை கண்மூடிக் கிடந்தாள். கட்டில் ‘நெறிக்’ என்றது. விளிம்பில் யாராவது உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம். அவள் தலைக்குப் பக்கத்தில் தலையணை மெதுவாக... மிக மெதுவாக... அமுங்கத் தொடங்கியது.

டாக்டர் அதன்மேல் கையைப் பதித்தார். விரலெல்லாம் விறைத்தது.

“ஆள் இருக்கு.”

அமுங்கல் நின்றது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில், வெகு மரியாதையாக...

“அப்ப எங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் பக்கத்துக் கட்டிலைக் காட்டியது.

விடிந்தபோது தங்கைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தையல்காரம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவள் தலையணையில் இரண்டு பள்ளம்.

டாக்டர் முடிவை அறிவித்தார். மூலைக் கட்டில், பூ விழுந்த இரவு, நோயாளி நலம். பக்கத்துக் கட்டில் சோதனையில் சேராது. ஆகவே சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரு வேறுபாடும் இல்லை. டாக்டர்கள் மாநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்கள். இப்போது அந்த வார்டில் “ஆள் இருக்கு” என்று எந்த நர்ஸாவது சொன்னால் வேலை போய்விடும்.

இதையெல்லாம் சொன்னது அந்தத் தங்கைதான். நம் நண்பனின் மனைவி. அன்றிரவு அவள் கண்ணைத்தான் மூடியிருந்தாள், தூங்கவில்லை. ஒரே ஆள் சொன்னது, அவ்வளவுதான். சான்றெல்லாம் கிடையாது.

இன்னொன்றும் சொன்னாள். தனியாக இருக்கிற அண்ணன் வீட்டில் என்றைக்காவது தங்கினால், விளக்கணைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்குமாம். கதவைச் சாத்திக்கொண்டு, தலையணைக்கு மட்டும் கேட்கிற மாதிரி... “ஆள் இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்குமாம்.

அது அவர் குரல் இல்லை.